கல்குடாத் தோட்டத்துக் கணக்கு

இடியப்பத் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஸகியா நிமிர்ந்தபோதுதான் புது மருமகன் அஸாம் அந்தக் கேள்வியைக் கேட்டான். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. சொதியை ஊற்றிக்கொண்டே, இன்றைக்கு மழை வருமா என்று கேட்பது போலத்தான் கேட்டான்.

"மாமி, கல்குடாவில இர்ஷானாட உம்மாட தென்னந்தோட்டத்துக்கு நீங்கதான் பொறுப்பு எண்டு காணி உறுதியில எழுதியிரிக்காமே. அதுட கணக்குக் கொப்பி உங்களுக்கிட்ட இரிக்கா?"

மேசையின் மறு பக்கத்தில் இருந்த ஸகியாவின் கணவர் பதியுதீன், வாயில் போட்ட இடியப்பத்தை மெல்லாமல் அப்படியே இருந்தார். இர்ஷானா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். இந்தக் கேள்வி வரப்போகிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஸகியாவுக்குச் சுட்டது அதுதான்.

"இரிக்கி," என்றாள். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க மருமகன்."

அதோடு குசினிக்குள் போனவள், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சட்டியை எடுத்து மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள்.

இர்ஷானா ஸகியா பெற்ற பிள்ளை அல்ல. பதியுதீனுடைய தங்கை நஸீறாவின் மகள். தகப்பன் சுனாமியில் போனபோது அவளுக்கு நாலு வயது. ஏழாம் வயதில் உம்மாவும் நோயில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து ஓட்டமாவடியில் மாமி வீடுதான் அவளுக்கு வீடு. ஸகியாவின் ஒரே மகன் ஷிஹானோடு சண்டை பிடித்து, அவனுடைய சைக்கிளில் ஓடப் பழகி, பல்கலைக்கழகம் வரை படித்து முடித்தாள். ஷிஹான் இப்போது கட்டாரில். அதே வளவுக்குள் பதியுதீன் கட்டிக் கொடுத்த புது வீட்டில், மூன்று மாதத்துக்கு முன்னர்தான் இர்ஷானாவுக்கும் அஸாமுக்கும் கலியாணம் நடந்தது. சமையல் மட்டும் இன்னும் ஒரே அடுப்பில்.

நஸீறாவும் ஸகியாவும் உயிருக்குயிரான மச்சிமார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரவல் வாங்கிய ஒரு தையல் மெசினைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊசி உடைந்திருந்தது என்பதற்காக ஒன்றரை வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் நஸீறா படுக்கையில் விழுந்தபோது, காணி உறுதி முடிக்கும் நொத்தாரிசை வீட்டுக்கு அழைத்து, கல்குடாவில் இருந்த தோட்டத்தை மகளுக்காக உறுதி எழுதி, அவளுக்கு இருபத்தைந்து வயது வரும்வரை அதைக் காக்கும் பொறுப்பை ஸகியாவின் பெயரில் வைத்தாள். தன்னை விட்டுவிட்டு மனைவியைப் போட்டதில் பதியுதீனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணனை ஏன் விட்டாள் என்பதை நஸீறா மறைக்கவில்லை. "காக்காக்கு இளகின மனசு, ஆரும் வந்து அழுதா தூக்கிக் குடுத்திருவார். மச்சி ஒரு ஊசிக்கே ஒன்றரை வருசம் கணக்கு வெச்சிருந்தவ. அவட கையில இருந்தாத்தான் என்ட புள்ளக்கி மிஞ்சும்," என்று நொத்தாரிசுக்கு முன்னாலேயே சொன்னாள். ஸகியாவுக்கு அழுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அன்றைக்கே ஒரு கொப்பி வாங்கினாள்.

இப்போது இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அவள் மத்தியானத்துக்குள் அறிந்துகொண்டாள். கல்குடாக் கடற்கரையில் ஹோட்டல் கட்டக் காணி தேடும் தரகர் ஒருவர், வாழைச்சேனையில் கணக்காய்வு அலுவலகமொன்றில் வேலை செய்யும் அஸாமைத் தேடிப் போயிருக்கிறார். உறுதியின் பிரதியைக் காட்டி, மனைவியிடம் பேசித் தோட்டத்தை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறார். போகிற போக்கில், அந்தத் தோட்டத்துத் தேங்காயில்தான் உங்கள் மாமி வளவுக்குள் வீடு கட்டினா என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்.

அஸாம் வேலைக்குப் போன பிறகு இர்ஷானா தனியாக வந்தாள். குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் பதினெட்டு வயசானா நான் கணக்குக் கேக்கலாம் எண்டு உம்மா உறுதியில எழுதி வெச்சிரிக்கா மாமி. நீங்க எனக்கு அதச் சொல்லவே இல்லியே."

"நீ கேக்கல்ல."

"கேக்கலாம் எண்டு தெரிஞ்சாத்தானே கேப்பன்?"

அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. அதனாலேயே ஸகியாவுக்குக் கோபம் வந்தது. மூச்சிழுப்பு வந்த இரவுகளில் மடியில் வைத்து நெஞ்சைத் தடவிய பிள்ளைக்கு இன்றைக்குக் கணக்குக் காட்ட வேண்டுமா என்று கேட்டாள். இர்ஷானா தான் காசு கேட்கவில்லை என்றாள். பார்க்கத்தான் கேட்கிறேன் என்றாள். பார்க்க ஒன்றுமில்லை என்றாள் ஸகியா. வார்த்தை வார்த்தையாக ஏறி, கடைசியில் இர்ஷானாவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"மறைக்க ஒண்டுமில்லாட்டி ஏன் மாமி அலுமாரியில பூட்டி வெச்சிரிக்கீங்க?"

சொன்னவுடனே அவளுக்கே முகம் வெளுத்தது. அடுப்பில் கறி அடிப்பிடிக்கும் மணம் வந்தது, ஸகியா இறக்கி வைத்தாள். இர்ஷானா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஒரு கிழமை அந்த வளவில் பதியுதீன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரே அடுப்பு இரண்டானது. ஆனால் ஸகியாவுக்கு, அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடாது என்ற கவலை விடவில்லை. மீன் பொரியலை மூடி அவர் கையில் கொடுத்து, நான் தந்தது என்று சொல்லாதீங்க என்பாள். அங்கே இர்ஷானா அதை வாங்கிக்கொண்டு, வட்டிலப்பம் வைத்துத் திருப்பி அனுப்பி, நான் அனுப்பினது என்று சொல்லாதீங்க மாமா என்பாள். ஆணி, சீமெந்து விற்கும் வன்பொருள் கடை நடத்திய முப்பது வருடத்தில் இவ்வளவு சாமான் சுமந்ததில்லை என்று அவர் கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வரவில்லை. ஸகியா ஏன் கொப்பியைக் காட்ட மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். சொல்லமாட்டேன் என்று பதினேழு வருடத்துக்கு முன்னர் அவளுக்கு வாக்குக் கொடுத்தவர் அவர்.

உண்மை இதுதான். நஸீறா விட்டுப்போன தோட்டத்தில் அறுபது தென்னை இருந்தது சுனாமிக்கு முன்பு. அதன் பிறகு நின்றது பதினொரு மரம். அதுவும் உப்புத் தண்ணீர் குடித்துக் குரும்பை உதிர்க்கும் மரங்கள். அந்த ஆரம்ப வருடங்களில் தோட்டத்திலிருந்து ஒரு சதம் வரவில்லை. ஸகியா அதைப் பற்றி யாரிடமும் முறையிடவில்லை. பிள்ளையை வளர்த்தாள், அவ்வளவுதான்.

இர்ஷானாவுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். கூடப் படிக்கும் பிள்ளை ஒன்று, நீ தாய் தகப்பன் இல்லாத எத்தீம் பிள்ளை, மாமி வீட்டு ஓசிச் சோறு தின்கிறாய் என்று சொல்லிவிட்டதாம். இரண்டு நாள் இர்ஷானா சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் ஸகியா அவளைப் பக்கத்தில் இருத்தி, "ஆரு சொன்ன ஓசிச் சோறு எண்டு? நீ திங்கிற உன்ட உம்மாட தோட்டத்துச் சோறு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா அறுநூறு தேங்கா வருது உனக்கு," என்றாள். அந்தச் சின்ன முகம் மலர்ந்ததைப் பார்த்தவள் அதன் பிறகு பின்வாங்கவில்லை. சந்தையில் ஒரு மூடை தேங்காய் வாங்கி, கல்குடாவிலிருந்து வருகிறது, மீதியை அங்கேயே விற்றாயிற்று என்று சொல்லி வளவுக்குள் இறக்கும்படி பதியுதீனிடம் சொன்னாள். இர்ஷானா ஒவ்வொரு காயையும் எண்ணி அடுக்கினாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து, எங்கட தோட்டத்தில காய் பறிச்ச என்று சொன்னாளாம்.

பிள்ளை ஒரு நாள் கொப்பியைக் கேட்டால் என்ன செய்வது என்று யோசித்து, ஸகியா அதிலும் எழுதினாள். அறுநூறு தேங்காய், விலை இன்னது. அந்தக் காசில் புத்தகம், இழுப்புக்கு மருந்து, டியூசன். வரவும் செலவும் ஒத்துப்போகும்படி கவனமாக எழுதினாள். உண்மையில் வரவு அவளுடைய கை வளையல்களிலிருந்து வந்தது.

எழுத்து வாசனை மட்டும் உள்ளவர்களிடம் அந்தக் கொப்பியை நீட்டிவிடலாம். கணக்காய்வு செய்பவனிடம் எப்படி நீட்டுவது?

எட்டாம் நாள் பதியுதீன் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வாழைச்சேனையில் ஒரு பெண் சட்டத்தரணியிடம் கூட்டிப் போனார். ஸகியா சுற்றி வளைத்துத்தான் கேட்டாள், வேறு யாருக்கோ நடந்தது போல. சட்டத்தரணி பொறுமையாகச் சொன்னார். பிறருடைய சொத்துக்குப் பொறுப்பாக இருப்பவர் தெளிவான, சரியான கணக்கு வைக்க வேண்டும். சொத்து யாருக்காக இருக்கிறதோ அவர் கேட்டால் காட்ட வேண்டும், கேட்டதற்கு முழு விபரமும் சொல்ல வேண்டும். அன்பாக வளர்த்தேன் என்பதும் கேட்டது மனதை நோகடித்தது என்பதும் காட்டாமல் விடக் காரணமாகாது.

"கணக்கில பிழை இருந்தா?" என்று கேட்டாள் ஸகியா.

"பிழை இருந்தா, பிழை எண்டு சொல்லிக் காட்ட வேணும். அந்தக் கணக்கு உங்கட இல்லம்மா. அது அந்தப் பிள்ளைட. அவட காணிக்கு என்ன நடந்தது எண்டு தெரிஞ்சிகொள்றது அவட உரிமை."

திரும்பி வரும்போது ஓட்டமாவடிப் பாலத்தில் காற்று முக்காட்டை இழுத்தது. வீட்டுக்கு வந்ததும் ஸகியா அலுமாரியைத் திறந்து, கொப்பியையும் இர்ஷானாவின் பெயரில் இருந்த வங்கிப் புத்தகத்தையும் எடுத்து, அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பதியுதீனிடம் கொடுத்தாள். பிழை என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த அஸாம் கொப்பியோடு வந்தான். பின்னால் இர்ஷானா. அவன் முகத்தில் கோபம் இல்லை. தூக்கம் கெட்ட களைப்பு இருந்தது.

"மாமி, ரெண்டாயிரத்துப் பதினஞ்சிலருந்து உள்ள கணக்கு அவ்வளவு சுத்தம். ஒரு காய் பிசகல்ல. வங்கிப் புத்தகத்தோட அப்படியே ஒத்துப் போகுது. அதுக்கு முதல் உள்ளதுதான் எனக்கு வெளங்கல்ல." பக்கத்தைப் புரட்டினான். "ஏழு வருசம், எல்லாப் பறிப்பிலயும் அறுநூறு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. வெள்ளம் வந்த மாசத்திலயும் அறுநூறு. மரம் இப்படி ஒழுங்காக் காய்க்காது மாமி. வெல போட்டிரிக்கிறதும் தோட்டத்து வெல இல்ல, சந்தையில நாங்க குடுத்து வாங்குற வெல."

ஸகியா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"பொய்க் கணக்கு எழுதுறவங்கள நான் கண்டிரிக்கன்," என்றான் அவன். "எல்லாரும் வரவக் கொறச்சித்தான் எழுதுவாங்க. வராத காச வந்த எண்டு எழுதின ஆள இப்பதான் காணுறன்."

இர்ஷானா மாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நாளைக்குக் கல்குடாவுக்குப் போவோம், எல்லாரும் போவோம் என்றாள். ஸகியா அப்போதும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் நாலு பேரும் ஒரு ஆட்டோவில் நெருங்கி உட்கார்ந்து போனார்கள். தோட்டத்துப் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு சீனித்தம்பி நின்றார். பக்கத்து வளவுக்காரர், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான். இர்ஷானா பள்ளிக்கூடக் கடைசி வருடத்தில் ஒரு தடவை வந்ததோடு சரி. இப்போது பார்த்தால், வரிசை வரிசையாக ஒரே உயரத்தில் இளமரங்கள், குலை தள்ளி நிற்கின்றன. வாடைக் காற்றில் ஓலைகள் சளசளத்தன.

சீனித்தம்பிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். அஸாம் மரத்துக்கு என்ன வயது என்று கேட்டதும் தொடங்கிவிட்டார்.

"இதெல்லாம் ரெண்டாயிரத்து எட்டில வெச்ச தென்னம்பிள்ளைகள் தம்பி. முதல் பாளை விட்டது பதினஞ்சில. அதுக்கு முதல் இஞ்ச என்ன கிடந்தது? கடல் விட்டுட்டுப்போன பதினொரு மரம். அதுல காகம் குந்தும், காய் குந்தாது."

"அப்ப அந்த ஏழு வருசமும் காய் பறிக்கவே இல்லியா?" என்று கேட்டாள் இர்ஷானா.

"எங்கால மகள் பறிக்கிற? உங்கட மாமி கிழமைக்கு ரெண்டு தரம் பஸ்ஸில வருவா. துலாக் கிணத்துல அள்ளி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தண்ணி ஊத்துவா. நான் ஊத்துறன் தங்கச்சி எண்டாலும் கேக்கமாட்டா, இது ஒரு பிள்ளைட சொத்து எண்டுவா. முள்ளுக்கம்பி அடிச்ச நேரம் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு வந்தவ. ஒவ்வொரு வருசமும் ஒண்டு ரெண்டாக் கொறைஞ்சி, கடைசியில வெறுங்கையோட நிண்டா. நான் கேக்கல்ல. கேக்கக் கூடிய விசயமா?"

சீனித்தம்பி, தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எங்கட வீட்டுக்கு வந்த தேங்கா?" என்று இர்ஷானா மெதுவாகக் கேட்டாள். "நான் எண்ணி எண்ணி அடுக்கின தேங்கா?"

பதியுதீனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஓட்டமாவடிச் சந்தையில வாங்கின மகள். நான்தான் வாங்கின. ஒருக்கா நீ அதுல கடைக்காரன் சோக்கட்டியால போட்ட அடையாளத்தக் கண்டுபிடிச்சி இது என்ன மாமா எண்டு கேட்டாய். தோட்டக்காரன் போட்ட நம்பர் எண்டு சொல்லிச் சமாளிச்சன். எனக்கு அண்டைக்கு வேர்த்த வேர்வ..."

அஸாம் சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாத நேரம் என்று உணர்ந்து வாயைப் பொத்திக்கொண்டான். ஆனால் இர்ஷானாவுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஸகியாவிடம் வந்து, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"ஏன் மாமி சொல்லல்ல?"

"உன்ட முகம் வாடினத நான் பார்த்தவள் புள்ள. ஓசிச் சோறு எண்டு ஆரும் உன்னச் சொல்லக் கூடா எண்டு நினைச்சன்."

"எட்டு வயசில சொல்லாம விட்டது சரி. பதினெட்டு வயசில சொல்லியிரிக்கலாமே. இருவதில சொல்லியிரிக்கலாமே." பிடித்த கைகளை அவள் விடவில்லை. "நான் உங்களக் கள்ளி எண்டு நினைச்ச மாமி. ஒரு கிழம முழுக்க நினைச்ச. நீங்க மறைச்சதாலதானே நான் அப்படி நினைச்ச... அத நான் இப்ப எங்க கொண்டு வைக்கிற?"

தன்மேல் பழி வந்ததைத்தான் ஸகியா இத்தனை நாளும் பெரிதாக எண்ணியிருந்தாள். பழி போட்ட பிள்ளைக்கும் அது வலிக்கும் என்று எண்ணவில்லை. உன்ட கணக்க நான் பூட்டி வெச்சது பிழைதான் மகள், என்ன மன்னிச்சிரு என்றாள். மாமியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிறவ நான்தான் என்று இர்ஷானா சொன்னது பாதிதான் வெளியே கேட்டது. ஸகியா அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருவருமாக அழுதார்கள், அழுகை அடங்கிய பிறகும் விடவில்லை. சீனித்தம்பி இதற்கெல்லாம் ஒரே மருந்து என்று நாலு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தார். அது அந்தத் தோட்டத்து இளநீர், உண்மையாகவே.

தோட்டத்தை விற்பதா வைத்திருப்பதா என்று தரகர் அடுத்த நாளும் போன் பண்ணினார். எனக்கு இருபத்தைந்து வயசு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதுவரை எங்கள் மாமிதான் பொறுப்பு, அவவிடம் கேளுங்கள் என்று இர்ஷானா சொன்னாள். தரகர் அதோடு போனை வைத்துவிட்டார்.

ஆனால் அவள் ஸகியாவையும் சும்மா விடவில்லை. தோட்டத்தை ஒப்பமிட்டு வாங்குவதற்கு முன்னால் உண்மையான கணக்கு வேண்டும் என்றாள். கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதாம், உம்மா எழுதி வைத்திருக்கிறா என்றாள். தந்ததைத் திருப்பித் தரப்போகிறாயா என்று ஸகியா முகத்தைச் சுளித்தாள். திருப்பித் தரவில்லை, தெரிந்துகொள்ளத்தான் என்றாள் இர்ஷானா.

எனவே அடுத்த வெள்ளிக்கிழமை, சோற்றுக் கோப்பைகளை எடுத்து வைத்த மேசையிலேயே புதுக் கொப்பி ஒன்று விரிந்தது. இப்போது மறுபடியும் ஒரே அடுப்புத்தான். அஸாம் பேனாவோடு இருந்தான். இர்ஷானா பழைய கொப்பியைப் பார்த்து வருடம் வருடமாகக் கேட்க, ஸகியா பதில் சொன்னாள். பதியுதீன் சாய்கதிரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"ரெண்டாயிரத்துப் பதினொண்டு நோன்புப் பெருநாள்," என்றாள் இர்ஷானா. "எனக்குப் பச்ச நெறத்தில மணி வெச்ச சட்ட. எனக்கு நல்ல ஞாபகம் இரிக்கி. ஷிஹானுக்கு ஜீன்ஸ். அந்தப் பெருநாளைக்கு நீங்க என்ன உடுப்பு எடுத்த மாமி?"

"நானா? ஒரு சாரி எடுத்தன்," என்றாள் ஸகியா, மேசையில் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கையைப் பொறுக்கிக்கொண்டு.

அஸாம் எழுதப் போனான்.

"எடுக்கல்ல," என்றார் பதியுதீன், கண்ணைத் திறக்காமலே. "பன்னெண்டிலயும் எடுக்கல்ல. எழுதுங்க மருமகன்."